சாவியைத் திருப்பும் முன்: டர்போ கார்கள் பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் டர்போ எஞ்சின் பராமரிப்பைப் பற்றி ஓரிரு வரிகள் எழுதியிருந்தோம். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, வண்டி நின்றதும் எஞ்சினை உடனே அணைக்கலாமா, டர்போவை ஆறவிட வேண்டுமா என்ற ஒரே கேள்வியைச் சுற்றி வந்ததால், இம்மாதப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: 2014-ஆம் ஆண்டு தயாரான 1.3 லிட்டர் டீசல் கார் ஒன்றைச் சென்ற மாதம் பழைய வண்டியாக வாங்கினேன். விற்றவர், "ஓடி வந்த உடனே ஆஃப் பண்ணிடாதீங்க சார், மூணு நிமிஷம் ஐடிலிங்ல விட்டுட்டுத்தான் சாவியை எடுக்கணும், இல்லேன்னா டர்போ போயிரும்" என்று பாடம் நடத்திவிட்டுப் போனார். சர்வீஸ் சென்டரில் கேட்டால் அதெல்லாம் அந்தக் காலம் என்கிறார்கள். நான் அடுக்ககத்தில் குடியிருக்கிறேன். தினமும் இரவில் மூன்று நிமிடம் வண்டியை ஓடவிட்டு நிற்பதால் கீழ்வீட்டுக்காரர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. யார் சொல்வது சரி?
- திண்டுக்கல் வாசகர்

பதில்: இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது, மனத்தாங்கலோடு இருக்கும் கீழ்வீட்டுக்காரரிடம்தான் முழு நியாயமும் இருக்கிறது. எத்தனை நிமிடம் ஆறவிட வேண்டும் என்று கேட்பதற்கு முன், சாவியைத் திருப்புவதற்கு முந்தைய ஐந்து நிமிடங்களில் வண்டி எப்படி ஓடியது என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

டர்போவுக்குள் நடப்பதைத் தெரிந்துகொண்டால் காரணம் விளங்கும். எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சிறிய டர்பைன் சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் கம்ப்ரசர் சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. தங்கள் கார் போன்ற சிறிய வண்டிகளில் இந்தத் தண்டு ஒரு பென்சிலை விட மெல்லியது; முழு வேகத்தில் அது நிமிடத்துக்கு 1,50,000 முதல் 2,00,000 சுற்றுகளும் அதற்கு மேலும் சுழலும். சுமையோடு ஏறும்போது டீசல் எஞ்சினின் புகை 750 முதல் 850 டிகிரி செல்சியஸ் வரை சூடாகிறது. பெட்ரோல் எஞ்சினில் அது 950 டிகிரியையும் தாண்டும். ஒரு முனையில் பழுக்கக் காய்ந்த சக்கரம், மறுமுனையில் வெளிக்காற்று, நடுவில் ஒரு சாண் நீளம்கூட இல்லாத தண்டு. இந்தத் தண்டைத் தாங்கும் பேரிங்குகளை உராய்விலிருந்தும் வெப்பத்திலிருந்தும் காப்பாற்றுவது எஞ்சினின் ஆயில் பம்ப் இடைவிடாமல் அனுப்பும் எண்ணெய்தான். அதிலும் தங்கள் எஞ்சினில் இருப்பது பேரிங் கூட்டைச் சுற்றித் தண்ணீர் ஓடாத, குளிர்ச்சிக்கும் எண்ணெயையே நம்பியிருக்கும் எளிய வகை டர்போ.

எஞ்சினை நிறுத்தியதும் பம்ப் நின்று, எண்ணெய் ஓட்டமும் நின்றுவிடுகிறது. ஆனால் வெப்பம் நிற்பதில்லை. அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் நெடுநேரம் சுடுவது போல, டர்பைன் பக்கத்து இரும்புக் கூட்டில் சேர்ந்திருந்த வெப்பம் தண்டு வழியாகவும் கூட்டின் வழியாகவும் பேரிங்கை நோக்கி நகர்கிறது. ஓடிக்கொண்டிருந்தபோது இருந்ததை விட, நிறுத்திய சில நிமிடங்களுக்குப் பிறகே பேரிங் பகுதி அதிகமாகச் சூடாகும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். அங்கே தேங்கி நிற்கும் கொஞ்சம் எண்ணெய், 250 டிகிரியைத் தாண்டும் நிலையில் மெல்லக் கருகிக் கெட்டிப்படத் தொடங்குகிறது. பழைய தோசைக்கல்லின் ஓரத்தில் சுரண்டினாலும் போகாமல் கறுப்பாக ஏறியிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கைப் பார்த்திருப்பீர்கள். டர்போவுக்குள் படிவதும் ஏறக்குறைய அதே பொருள்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் கோவையில் நண்பர் ஒருவரின் பட்டறையில், வாடகைக்கு ஓடிக்கொண்டிருந்த டீசல் வேன் ஒன்றின் டர்போவைக் கழற்றியபோது உடன் இருந்தேன். எண்ணெய் திரும்பி வரும் குழாயை அவர் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். சுண்டுவிரல் நுழைய வேண்டிய துவாரத்தில் ஒரு பால்பாயிண்ட் பேனாவின் ரீஃபில்தான் நுழைந்தது. ஸ்குரூடிரைவரின் முனையால் தட்டியதும் உள்ளிருந்து கறுப்புச் சில்லுகள், கருகிய அப்பளத் துண்டுகளைப் போல, மேசைமீது உதிர்ந்தன. தண்டைத் துடைத்துப் பார்த்தால் பேரிங் உட்காரும் இரண்டு இடங்களும் வெப்பத்தில் நீலம் பாய்ந்திருந்தன. நெடுஞ்சாலையில் விரட்டி வந்து, டீக்கடை வாசலில் நிறுத்தி, சக்கரம் நின்ற அதே நொடியில் சாவியைத் திருப்பிவிட்டு இறங்கும் பழக்கம் அந்த ஓட்டுநருக்கு இருந்ததாகப் பிறகு தெரியவந்தது. ஆனால் அந்த வேன் 20,000 கிலோமீட்டருக்கு ஒருமுறைதான் ஆயில் மாற்றப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் நான் பாதிக் கதையைத்தான் சொன்னவனாவேன்.

இனி நிமிடக் கணக்குக்கு வருவோம். ஐடிலிங்கில் ஓடும் டீசல் எஞ்சினுக்கு மிகக் குறைவான எரிபொருளும் தேவைக்கு மிக அதிகமான காற்றும் போவதால், வெளியேறும் புகையின் வெப்பம் 200 டிகிரிக்கும் கீழே இறங்கிவிடும். அந்தப் புகையே டர்பைனுக்குக் குளிர்காற்றாகிறது. உள்ளே ஓடும் எண்ணெய் பேரிங்கின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. தண்டின் வேகமும் அடங்கிவிடுகிறது. இந்த இறக்கத்தின் பெரும்பகுதி முதல் அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதன் பிறகு காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் கிடைக்கும் பலன் குறைந்துகொண்டே போகும்.

ஐடிலிங்கில் நிகழும் இதே சூடு தணிதல், ஆக்சிலேட்டரை அதிகம் மிதிக்காமல் மெதுவாக ஓட்டும்போதும் நிகழ்கிறது. முன்னாலிருந்து காற்றும் வீசுவதால் இன்னும் நன்றாகவே நிகழ்கிறது. தாங்கள் மதுரையிலிருந்து நான்குவழிச் சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் வந்தாலும், சாலையை விட்டு இறங்கி, ஊருக்குள் பேருந்துகளுக்கும் ஆட்டோக்களுக்கும் பின்னால் ஊர்ந்து, தெருவுக்குள் திரும்பி, அடுக்ககத்தின் வாயிலில் காவலர் கதவைத் திறக்கும் வரை நின்று உள்ளே வருவதற்குள் பத்து நிமிடமாவது ஆகியிருக்கும். அதற்குள் டர்போ ஆறவேண்டிய அளவுக்கு ஆறியிருக்கும். எனவே வீட்டில் காத்திருக்க வேண்டியதில்லை. வண்டியை நேராக்கி, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, விளக்கையும் ஏ.சி.யையும் அணைக்கும் நேரமே போதும்.

காத்திருக்க வேண்டிய இடம் வேறு. நெடுஞ்சாலையில் வேகம் குறையாமல் வந்து, சாலையோர உணவகத்துக்குள் அப்படியே திருப்பி நிறுத்துகிறீர்களே, அங்கே ஒரு நிமிடம் எஞ்சினை ஓடவிடுங்கள். முழுச் சுமையோடு நெடுநேரம் ஏறி வந்து நிறுத்தினால் இரண்டு நிமிடம் விடலாம். எங்கும் எப்போதும் மூன்று நிமிடம் என்ற விதி, யோசிக்க நேரமில்லாத ஓட்டுநருக்குச் சொல்வதற்கு எளிது என்பதால் நிலைத்துவிட்ட விதி. அதனால் கெடுதல் பெரிதாக இல்லை: இத்தகைய எஞ்சின் ஐடிலிங்கில் மணிக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை குடிக்கும் என்று கொண்டால், மூன்று நிமிடத்துக்கு 25 முதல் 50 மில்லி டீசல் வீணாகும். ஆனால் மூடிய வாகன நிறுத்துமிடத்தில் டீசல் புகையைத் தினமும் பிறர் வீட்டு ஜன்னலுக்கு அனுப்புவதை டர்போவின் பெயரால் நியாயப்படுத்த முடியாது. தங்கள் காரின் கையேட்டில் இதற்கென ஒரு பத்தி இருக்கும். அதில் நேரம் குறிப்பிடப்பட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

பழைய வண்டி என்பதால் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். முந்தைய உரிமையாளர் எப்போது, எந்த ஆயிலை மாற்றினார் என்பதற்கு ரசீது இல்லையென்றால், வாங்கிய முதல் வாரத்திலேயே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். கையேட்டில் சொன்ன தரத்தில் சிந்தெடிக் ஆயில் ஊற்றி, 10,000 கிலோமீட்டருக்கு அல்லது ஓராண்டுக்கு ஒருமுறை தவறாமல் மாற்றுபவரின் டர்போ, அவர் எப்போதாவது மறந்துபோய்ச் சட்டென்று அணைத்துவிட்டாலும் பொறுத்துக்கொள்ளும். கெட்டுப்போன ஆயிலோடு ஓடும் டர்போவை மூன்று நிமிடம் அல்ல, முப்பது நிமிடம் ஆறவிட்டாலும் காப்பாற்ற முடியாது.

கேள்வி: என் தந்தையார் முப்பது ஆண்டுகள் லாரி ஓட்டியவர். வண்டியை நிறுத்தும்போது ஆக்சிலேட்டரை ஒருமுறை நன்றாக மிதித்து, எஞ்சின் உறுமி இறங்கும்போது அணைப்பார். 'அப்போதுதான் அடுத்த முறை சட்டென்று பிடிக்கும்' என்பார். புதிய டர்போ காரிலும் அப்படியே செய்கிறார். சொன்னால் கோபப்படுகிறார்.
- நாமக்கல் வாசகி

பதில்: நாமக்கல்லில் இருந்துகொண்டு லாரி ஓட்டிய ஒருவருக்குப் பாடம் சொல்லத் துணிவு வேண்டும், இருந்தாலும் சொல்கிறேன். டர்போ எஞ்சினை அணைக்கும் விதங்களில் மிகவும் மோசமானது இதுதான். ஆக்சிலேட்டரை மிதித்ததும் டர்போவின் வேகம் எகிறுகிறது. அந்த வேகத்தில் எஞ்சினை அணைத்தால் பம்ப் நின்றுவிடும், ஆனால் தண்டு எண்ணெய் வரத்து இல்லாமல் தன்போக்கில் சுழன்றுகொண்டிருக்கும். ஐடிலிங்கிலிருந்து அணைத்தால் அது சில நொடிகளில் நின்றுவிடும். உறுமவிட்டு அணைத்தால் கூடுதல் நேரம் சுழலும். அந்த நேரம் முழுவதும் பேரிங்கில் மிஞ்சியிருக்கும் மெல்லிய எண்ணெய்ப் படலத்தை மட்டுமே நம்பி ஓடுகிறது. தந்தையார் ஓட்டிய பழைய லாரிகளில் டர்போ இல்லாதவை ஏராளம். அங்கே இந்தப் பழக்கத்தால் பலன் இருந்ததோ இல்லையோ, கெடுவதற்கு டர்போ இல்லை. மகள் சொல்வதைக் கேட்காவிட்டாலும் டர்போ ரிப்பேர் செய்பவர் ஒருவர் சொன்னால் கேட்பார். பழகிய மெக்கானிக் யாரிடமாவது அழைத்துப் போய், கழற்றிப் போட்ட தண்டு ஒன்றைக் கையில் கொடுக்கச் சொல்லுங்கள்.

காலையில் எஞ்சினைக் கிளப்பும்போதும் இதே கவனம் தேவை. இரவு முழுவதும் நின்ற வண்டியில் எண்ணெய் ஆழத்துக்கு இறங்கியிருக்கும்; அது மீண்டும் டர்போ வரை ஏறிச் சேரச் சில நொடிகள் ஆகும். கிளப்பியவுடன் உறுமவிடாமல், அரை நிமிடத்துக்குள் மெதுவாக நகர்த்தி, எஞ்சின் சூடேறும் வரை மிதமாக ஓட்டினால் போதும்.

கேள்வி: குடும்பத்தோடு வால்பாறைக்குப் போகிறோம். ஆழியாற்றிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் என்கிறார்கள். டர்போ டீசல் காரில் ஏழு பேர். வழியில் புகைப்படம் எடுக்க நிறுத்தும்போதெல்லாம் எஞ்சினை ஆறவிட வேண்டுமா? இறங்கி வந்து அடிவாரத்தில் நிறுத்தும்போதும் காத்திருக்க வேண்டுமா?
- பொள்ளாச்சி வாசகர்

பதில்: ஏறும்போது காத்திருங்கள், இறங்கிய பின் தேவையில்லை. ஏழு பேரையும் அவர்களுடைய பெட்டிகளையும் சுமந்துகொண்டு இரண்டாம் கியரில் ஏறும் வண்டியின் டர்போ, நெடுஞ்சாலையில் 100-இல் ஓடும் வண்டியின் டர்போவை விட அதிகமாக உழைக்கிறது. வேகம் குறைவு என்பதால் எதிர்காற்றும் பெரிதாக உதவுவதில்லை. எல்லோரும் நிறுத்துவது ஒன்பதாம் வளைவில் இருக்கும் லோம்ஸ் வியூ முனையில். ஆழியாறு அணையின் நீர்ப்பரப்பு கீழே தெரிவதைக் கண்டதும் பிள்ளைகள் கதவைத் திறந்துகொண்டு குதிப்பார்கள். ஓட்டுபவரும் சாவியைத் திருப்பிவிட்டு அவர்கள் பின்னால் ஓடுவார். அவர் மட்டும் ஒன்றரை அல்லது இரண்டு நிமிடம் இருக்கையில் உட்கார்ந்திருக்கட்டும். அந்த நேரத்தில் வெப்பமானியையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளலாம். முள் வழக்கமான இடத்தைத் தாண்டி மேலே ஏறியிருந்தால் உடனே அணைக்காமல், ஏ.சி.யை நிறுத்தி, ஐடிலிங்கில் விட்டு முள் இறங்குகிறதா என்று பாருங்கள். சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டாலோ, எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட் பீறிட்டு ஆவி கிளம்பினாலோ, டர்போவைப் பற்றிய கவலையை விட்டுவிட்டு எஞ்சினை அணைத்துவிட வேண்டும். அப்போது காப்பாற்ற வேண்டியது எஞ்சினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்.

இறங்கும்போது நிலைமை நேர்மாறானது. கியரில் இருந்தபடி காலை ஆக்சிலேட்டரிலிருந்து எடுத்துவிட்டு இறங்கும் வண்டியில் எரிபொருள் ஊற்றே நின்றுவிடும். எஞ்சின் வெறும் காற்றை இழுத்து வெளியே தள்ளுகிறது. அந்தக் காற்று டர்போவை நன்றாகவே குளிர்வித்துவிடும். அடிவாரத்தில் வந்து நின்றதும் தயங்காமல் அணைக்கலாம். அங்கே சூடாக இருப்பது பிரேக் டிஸ்க்குகள்தான். கருகிய வாடை அடித்தால் அது டர்போவிலிருந்து வருவதல்ல. கியரை நம்பாமல் பிரேக்கை நம்பி இறங்கினீர்கள் என்று பொருள்.

கேள்வி: புதிதாக வாங்கிய 1.0 லிட்டர் டர்போ பெட்ரோல் காரில், சிக்னலில் நின்றதும் எஞ்சின் தானாகவே அணைந்து, கிளட்சை மிதித்ததும் கிளம்பும் வசதி இருக்கிறது. ஒருபுறம் டர்போவை ஆறவிடு என்கிறார்கள். மறுபுறம் கார் தானே நூறு முறை அணைத்துக்கொள்கிறது. மேலும், வீட்டில் அணைத்து இறங்கிய பிறகும் முன்பக்கத்தில் ஏதோ ஓடும் சத்தம் கேட்கிறது. பழுதா?
- சென்னை வாசகி

பதில்: பழுதில்லை, அந்தச் சத்தமே தங்கள் முதல் கேள்விக்குப் பதில். பெட்ரோல் புகை டீசல் புகையை விடச் சூடானது என்பதால், டர்போ பெட்ரோல் கார் தயாரிப்பவர்கள் தொடக்கத்திலிருந்தே இந்தச் சிக்கலோடு போராடி வந்திருக்கிறார்கள். 1962-இல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர், செவ்ரோலே கோர்வேர் ஆகிய கார்கள் டர்போவோடு வந்தபோதும், 1970-களில் ஐரோப்பியர்கள் அதைக் கையில் எடுத்தபோதும் பேரிங்குக்கு எண்ணெய் மட்டுமே துணை. 'டர்போவை ஆறவிடு' என்ற அறிவுரை அந்தக் காலத்தில் வேரூன்றியது. 1980-களில் பேரிங் கூட்டைச் சுற்றிக் கூலண்ட் ஓடும் வழி பரவலானது. எஞ்சின் நின்ற பிறகும் சூடான கூலண்ட் மேலே ஏற, குளிர்ந்தது கீழிருந்து வந்து சேரும். வெப்பத்தைப் பேரிங்கை அடையும் முன்பே அது வாங்கிக்கொள்ளும். இப்போது அதற்கும் ஒருபடி மேலே போய், ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் டி.எஸ்.ஐ. என்ற டர்போ பெட்ரோல் எஞ்சின்கள் பலவற்றில் உள்ளது போல, எஞ்சின் நின்ற பிறகும் தேவைப்பட்டால் மின்சாரத்தில் ஓடிக் கூலண்டைச் சுழற்றும் சிறிய பம்ப் ஒன்றை வைத்துவிட்டார்கள். தாங்கள் கேட்பது அந்தப் பம்பின் முணுமுணுப்பாகவோ ரேடியேட்டர் விசிறியாகவோ இருக்கும். சில நிமிடங்களில் தானே நின்றுவிடும். நிற்காமல் பேட்டரி இறங்கும் வரை ஓடினால்தான் சர்வீஸ் சென்டருக்குப் போக வேண்டும்.

சிக்னலில் எஞ்சின் அணைவதைப் பொறுத்தவரை, வெப்பம் நகர்ந்து எண்ணெயைக் கருக்குவதற்குச் சில நிமிடங்கள் வேண்டும். அதற்குள் பச்சை விளக்கு விழுந்து எண்ணெய் மீண்டும் ஓடத் தொடங்கிவிடும். எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாக இருந்தால் கணினி அதை அணைக்கவும் விடாது. எனினும் என் கட்சி ஒன்று உண்டு. நெடுஞ்சாலையில் விரட்டி வந்து, இறங்கிய இடத்திலேயே சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் அணைந்தால், எனக்கு மனம் ஒப்புவதில்லை. அதற்கென இருக்கும் பொத்தானை அழுத்தி அந்த வசதியைத் தற்காலிகமாக நிறுத்திவிடுவேன். இது தேவையால் செய்வதை விடப் பழக்கத்தால் செய்வது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நகருக்குள் அலுவலகம் போய் வரும் தங்களுக்குத் தனியாக ஆறவிடும் வேலை எதுவும் இல்லை. கூலண்ட் அளவை மாதம் ஒருமுறை, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். குறைந்திருந்தால் குழாய்த் தண்ணீரை ஊற்றி நிரப்பாதீர்கள். இந்தக் கார்களில் கூலண்ட், ரேடியேட்டருக்கு மட்டுமல்லாமல் டர்போவுக்கும் உரியது.

கேள்வி: சாவியை எடுத்துவிட்டுப் பூட்டிய பிறகும் எஞ்சினை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டுத் தானே அணைக்கும் டர்போ டைமர் என்ற கருவியைப் பொருத்தச் சொல்கிறார் உதிரிபாகக் கடைக்காரர். வாங்கலாமா?
- மதுரை வாசகர்

பதில்: வேண்டாம். ஜப்பானிய வேகக் கார்களின் ரசிகர்களிடையே 1980-களிலும் 1990-களிலும் புகழ்பெற்ற கருவி அது. பந்தயத் தடத்திலிருந்து நேராக வந்து நிற்கும் காருக்கு அதில் பொருளுண்டு. தங்கள் அன்றாட ஓட்டத்தில் அது மெதுவாக ஊர்ந்து வந்த வண்டியையும் விரட்டி வந்த வண்டியையும் ஒரே தராசில் நிறுத்து, இரண்டையும் மூன்று நிமிடம் ஓடவிடும். சாவி இல்லாமல் எஞ்சின் ஓட வேண்டுமானால் இக்னிஷன் வயரிங்கில் கைவைக்க வேண்டும். அதனால் திருட்டுத் தடுப்பு அமைப்பு குழம்பலாம், வாரண்டிக்கும் சிக்கல் வரலாம். அதோடு 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 126-ஆம் பிரிவின்படி, ஓட்டுநர் இருக்கையில் உரிமம் பெற்றவர் இல்லாமல், எஞ்சினை நிறுத்தி பிரேக் போடாமல் பொது இடத்தில் வண்டியை விட்டுச் செல்லக் கூடாது. கடைவீதியில் ஓடும் எஞ்சினோடு காரைப் பூட்டிவிட்டுப் போவது அந்தப் பிரிவுக்கு நேர் விரோதம். அந்தப் பணத்துக்கு நல்ல ஆயிலும் ஏர் ஃபில்டரும் வாங்கிப் போடுங்கள்.

கேள்வி: என் காரில் ஆக்சிலேட்டரை மிதித்தால் சைரன் போல ஒரு விசில் கேட்கிறது, பிக்கப்பும் குறைந்திருக்கிறது. ஒரு மெக்கானிக், ஆறவிடாமல் அணைத்ததால் டர்போ போய்விட்டது, புதிதாகப் போட வேண்டும் என்கிறார். இனிமேல் ஆறவிட்டால் சரியாகுமா?
- சேலம் வாசகர்

பதில்: தேய்ந்த பேரிங் ஆறவிடுவதால் வளராது. ஆனால் டர்போதான் போய்விட்டது என்ற முடிவுக்கு இவ்வளவு விரைவாக வரவேண்டியதில்லை. முதலில் டர்போவிலிருந்து, அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும் அங்கிருந்து எஞ்சினுக்கும் போகும் ரப்பர் குழாய்களைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கிளிப் தளர்ந்து அல்லது குழாயில் விரிசல் விழுந்து காற்று கசிந்தாலும் இதே விசிலும் இதே பிக்கப் குறைவும் தோன்றும். செலவு சில நூறு ரூபாயோடு முடிந்துவிடும்.

அது சரியாக இருந்தால், எஞ்சின் நன்றாகக் குளிர்ந்த பிறகு காற்று வரும் குழாயைக் கழற்றி, கம்ப்ரசர் சக்கரத்தின் நடுவிலுள்ள முனையை இரு விரல்களால் பிடித்து அசைத்துப் பார்க்கலாம். பக்கவாட்டில் இலேசான ஆட்டம் இருப்பது இயல்பு. ஓடும்போது அந்த இடைவெளியை எண்ணெய் நிரப்பிக்கொள்ளும். முன்னும் பின்னும் இழுத்தால் ஆட்டம் கைக்குத் தெரியக் கூடாது. சக்கரத்தின் இதழ்கள் கூட்டின் சுவரை உரசிய தடம் இருந்தாலோ, இதழ் முனைகள் நொறுங்கியிருந்தாலோ மெக்கானிக் சொன்னது சரி. குழாயின் உள்ளே கொஞ்சம் எண்ணெய் ஈரம் இருப்பதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல விடாதீர்கள். எஞ்சினின் மூச்சுக்குழாய் வழியே வரும் எண்ணெய் ஆவியால் நல்ல வண்டியிலும் அது இருக்கும். நீலப் புகை தொடர்ந்து வந்து, ஆயில் அளவும் இறங்கிக்கொண்டே போனால் மட்டும் அவசரம் காட்டுங்கள்.

ஏனெனில் டீசல் வண்டியில் டர்போவில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஆயில் சீல் முற்றிலும் உடைந்தால், எஞ்சின் தன் ஆயிலையே எரிபொருளாகக் குடித்துத் தறிகெட்டு ஓடத் தொடங்கும். சாவியை எடுத்தாலும் நிற்காது. மேனுவல் கியர் வண்டியானால், நிறுத்தி, பிரேக்கை அழுத்தி மிதித்தபடி உயர்ந்த கியரைப் போட்டு, கிளட்சைச் சட்டென்று விட்டு எஞ்சினைத் திணறடித்து நிறுத்த வேண்டும். அரிதாக நடப்பதுதான், ஆனால் நடக்கும்போது யோசிக்க நேரம் இருக்காது.

டர்போவை மாற்றத்தான் வேண்டும் என்றால், எண்ணெய் வரும் குழாயையும் திரும்பும் குழாயையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள், அல்லது கழற்றிச் சுத்தம் செய்து கண்ணெதிரே காட்டச் சொல்லுங்கள். பழையதைக் கொன்ற கரி அந்தக் குழாயில் மிச்சமிருந்தால் புதியதையும் அதுவே கொல்லும். பொருத்திய பின் எண்ணெய்த் துளையில் சுத்தமான ஆயிலை ஊற்றி, தண்டைக் கையால் சுற்றிவிட்ட பிறகே எஞ்சினைக் கிளப்ப வேண்டும். அதைச் செய்யாமல் சாவியைத் திருப்பும் மெக்கானிக்கிடம் இன்னொரு முறை போகாதீர்கள்.

கேள்வி: என் பி.எஸ். 6 டீசல் காரில் சில நாட்கள், வீட்டுக்கு வந்து நிறுத்தும்போது ஐடிலிங் வேகம் சற்றுக் கூடியிருக்கிறது. விசிறி பலமாக ஓடுகிறது. சூடான வாடையும் வருகிறது. அப்போது அணைக்கலாமா?
- ஈரோடு வாசகர்

பதில்: முடிந்தால் அணைக்காதீர்கள். 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்காக, புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி டீசல் கார்களில் இடம்பெற்றது. அது நிரம்பும்போது எஞ்சின் கூடுதல் டீசலைச் செலுத்தி, வடிகட்டியை ஏறக்குறைய 600 டிகிரிக்குச் சூடாக்கிக் கரியை எரிக்கிறது. தாங்கள் காண்பது அந்த வேலை நடந்துகொண்டிருப்பதன் அறிகுறி. இங்கே நின்றபடி ஐடிலிங்கில் விடுவதை விட, திரும்ப வெளியே எடுத்துச் சென்று பத்து, பதினைந்து நிமிடம் சீராக ஓட்டுவதே மேல்; எரிப்பும் முடியும், டர்போவும் ஆறும். ஒருமுறை அவசரத்தில் அணைத்துவிட்டால் குடி முழுகிப் போகாது. ஒவ்வொரு முறையும் பாதியில் அணைத்தால் வடிகட்டி அடைத்துக்கொள்வதோடு, எரியாத டீசல் ஆயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்யும். நீர்த்த ஆயில் போய்ச் சேருமிடம் மறுபடியும் அந்தப் பேரிங்தான்.

கேள்வி: வெளியூரிலிருந்து வந்ததும் நேராக வாட்டர் சர்வீஸுக்கு விடுவது வழக்கம். அவர்கள் போனட்டைத் திறந்து எஞ்சின் மீதும் பிரஷரில் தண்ணீர் அடிக்கிறார்கள். டர்போவுக்கு ஏதாவது ஆகுமா?
- கரூர் வாசகர்

பதில்: ஆகும். டர்பைன் கூடும், எஞ்சின் புகையை அதற்குக் கொண்டுவரும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் வார்ப்பிரும்பால் ஆனவை. சூட்டோடு இருக்கும்போது குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விடலாம். வரிசையில் வண்டியை விட்டுவிட்டு ஒரு மணி நேரம் கழித்து வாருங்கள். அப்போதும் அடிப்பக்கத்தையும் சக்கரங்களையும் மட்டும் கழுவச் சொல்லி, எஞ்சின் அறையை ஈரத்துணியால் துடைத்தால் போதும் என்று சொல்லிவிடுங்கள். டர்போவின் மேலிருந்து அதன் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஆக்சுவேட்டரின் மின்இணைப்புக்குள் தண்ணீர் புகுந்தால், மறுநாள் காலை பிக்கப் இல்லை என்று இதே பகுதிக்கு மீண்டும் கடிதம் எழுத நேரும்.